இரண்டு சில்லு ரோபோ கார் கிட்: வாங்கலாம், பற்றரிப் பெட்டியை மாற்றினால்

மஞ்சள் மோட்டர் இரண்டு, கறுப்புச் சில்லு இரண்டு, கண்ணாடி போன்ற அக்ரிலிக் தட்டு ஒன்று, முன்னால் இரண்டு கண் வைத்தாற்போல ஒரு தூர சென்சர். பாடசாலைக் கண்காட்சிகளில் இந்தக் காரைப் பலரும் கண்டிருப்பீர்கள். பெட்டியில் கம்பனிப் பெயர் எதுவும் இருக்காது. ‘டூ வீல் ஸ்மார்ட் கார் கிட்’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது இதைத்தான். திருகோணமலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கொழும்பிலிருந்து கூரியரில்தான் வந்து சேரும். ஒரு நட் குறைந்தாலும் அடுத்த பார்சல் வரும்வரை வேலை நிற்கும். ஆகவே பெட்டியை உடைத்ததும் பூட்டத் தொடங்காமல் முதலில் சாமானை எண்ணுங்கள்.

தரம் 9 தொடக்கம் உயர்தரம் வரை படிக்கும் பிள்ளைக்கு ரோபோட்டிக்ஸின் அடிப்படையைக் காட்ட இந்தக் கிட் போதுமா என்றால், போதும். ஆனால் பெட்டியில் வருகிறபடியே பூட்டினால் பிள்ளை முதல் நாளே மனம் சலித்து மூடி வைத்துவிடும். அதற்குப் பெரிய காரணம் பற்றரி. அடுத்த காரணம், கிட்டோடு வரும் நிரல்கள் காரை ஓட்டிக் காட்டுமே தவிர அது ஏன் ஓடுகிறது என்பதைச் சொல்லா.

உள்ளே இருக்க வேண்டியவை இவை: ஆர்டுயினோ ஊனோ என்னும், நிரலை ஏற்றி ஓட்டும் சிறு கணினிப் பலகையின் நகல் ஒன்று, ஊனோ சொல்கிறபடி மோட்டருக்கு மின் கொடுக்கும் எல்.298என் மோட்டர் டிரைவர் ஒன்று, 1:48 கியர் உள்ள மோட்டர் இரண்டு, 65 மி.மீ. சில்லு இரண்டு, தானாகத் திரும்பும் சிறு சில்லு ஒன்று, எச்.சி.-எஸ்.ஆர்.04 தூர சென்சர், அதைத் திருப்ப எஸ்.ஜி.90 சேர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டர்), கோடு பார்க்கும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) சென்சர் இரண்டு அல்லது மூன்று, நான்கு பென் பற்றரி போடும் பெட்டி, ஆளி, ஜம்பர் வயர், ஸ்குரூ பொதி. இவற்றோடு 20 துளை வெட்டிய கறுப்பு வட்டத் தட்டு இரண்டும் இருக்கும். அது எதற்கென்று கிட்டில் ஒரு வரியும் எழுதியிருக்காது. பலர் அதை வீசிவிடுகிறார்கள். வீசாதீர்கள். இந்தப் பெட்டியில் உள்ள மிகப் பெறுமதியான பாடம் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பூட்டுவதற்கு முன் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. உணர்வது, முடிவெடுப்பது, செய்வது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் தானியங்கித் தொகுதி. வீட்டுக் கூரைத் தண்ணீர்த் தாங்கியைக் காட்டுங்கள். உள்ளே மிதக்கும் ஆளி நீர்மட்டத்தை உணர்கிறது. மட்டம் கீழ் எல்லைக்கு இறங்கினால் மோட்டர் ஓடுகிறது, மேல் எல்லைக்கு வந்தால் நிற்கிறது. இரண்டு எல்லைக்கும் இடையில் வேண்டுமென்றே ஒரு தூரம் விடப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும் மோட்டர் ஓடி ஓடி நின்று எரிந்துபோகும். ரைஸ் குக்கரும் இதே இனம். தண்ணீர் இருக்கும்வரை பானையின் அடி 100 பாகைக்கு மேல் அதிகம் ஏறாது. தண்ணீர் வற்றி வெப்பம் ஏறியதும் அடியிலுள்ள காந்தம் தன் பிடியை விடுகிறது, ஆளி விழுகிறது. இதில் கணினியே இல்லை, ஆனாலும் பின்னூட்டல், அதாவது விளைவை உணர்ந்து அதற்கேற்ப மாறுவது, இருக்கிறது. சாதாரண மின்விசிறியில் அது இல்லை. அறை குளிர்ந்தாலும் அது அதே வேகத்தில் சுற்றும். பின்னூட்டல் உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள இந்த வேறுபாடு விளங்கினால் கிட்டில் பாதி விளங்கிவிடும்.

இனி பற்றரி. கிட்டின் பெரிய குறை இதுதான் என்பதால் விரிவாகவே சொல்ல வேண்டும். நான்கு பென் பற்றரி சேர்ந்தால் 6 வோல்ட். மீளச் சார்ஜ் பண்ணும் வகையென்றால் ஒன்று 1.2 வோல்ட், நான்குக்கும் 4.8 வோல்ட்தான். எல்.298என் பழைய வகைத் திரான்சிற்றரால் ஆனது. 1 அம்பியர் அளவு ஓடும்போது அதற்குள்ளேயே ஏறக்குறைய 2 வோல்ட் வெப்பமாகப் போய்விடும். மோட்டருக்கு மிஞ்சுவது 4 வோல்ட். அதே 6 வோல்டிலிருந்து ஊனோவும் தன் 5 வோல்டை எடுக்க வேண்டும். ஆனால் அதன் ‘வின்’ முனைக்குக் குறைந்தது 7 வோல்ட் பரிந்துரைக்கப்படுகிறது. இந்த நிலையில் மோட்டர்கள் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும்போது அழுத்தம் சரிகிறது, ஊனோ அணைந்து மறுபடி தொடங்குகிறது. வெளியே தெரியும் அறிகுறி: கார் ஒரு தடவை உதறும், நிற்கும், ஊனோவில் உள்ள சிறு விளக்கு படபடக்கும், மறுபடி உதறும். பிள்ளைகள் இதை நிரல் பிழை என்று நினைத்து மணிக்கணக்காக நிரலைத் தேடுவார்கள். யூ.எஸ்.பி. வயரைச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும், கழற்றினால் திரும்பவும் உதறும். அப்படி நடந்தால் குறை நிரலில் இல்லை, பற்றரியில்தான்.

சிலர் 9 வோல்ட் சதுரப் பற்றரியை வாங்கிப் போடுகிறார்கள். அது இன்னும் மோசம். அதன் உள்தடை அதிகம். புகை எச்சரிக்கைக் கருவிக்கும் மல்டிமீற்றருக்கும் அது நல்லது, மோட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை அதனால் தாங்க முடியாது.

செய்ய வேண்டியது, 18650 வகை லிதியம் பற்றரி இரண்டைத் தொடராகப் போடுவது. சாதாரணமாக 7.4 வோல்ட், முழுச் சார்ஜில் 8.4. டிரைவர் 2 வோல்டைத் தின்றாலும் மோட்டருக்கு 5 வோல்டுக்கு மேல் கிடைக்கும். டிரைவரின் முனையில் ‘12வி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து 12 வோல்ட்தான் கொடுக்க வேண்டும் என்று எண்ண வேண்டாம், 7.4 போதும். பற்றரி வாங்கும்போது உறையில் 9900 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். அந்த அளவுள்ள பற்றரிக்குள் அவ்வளவு கொள்ளளவு அடங்காது. நல்ல தயாரிப்புகள் பெரும்பாலும் 2000 முதல் 3500 வரைதான். ஒவ்வொன்றும் 3 வோல்டுக்குக் கீழ் இறங்க விடக்கூடாது. சார்ஜ் பண்ண 4.2 வோல்டில் தானாக நிறுத்தும் சார்ஜரே வேண்டும். இரவில் செருகிவிட்டுப் படுக்கப் போவது கூடாது. நேர் வயரில் 3 அம்பியர் பியூஸ் ஒன்றைப் போடுங்கள். இந்தப் பற்றரி குறுஞ்சுற்றானால் வயரின் உறை உருகிப் புகைய விநாடிகள் போதும். சிறு பிள்ளைகள் இருக்கும் வகுப்பென்றால் பற்றரி பெரியவர் கையில் இருக்கட்டும்.

இன்னொரு வழியும் உண்டு. எல்.298என்னைக் கழற்றிவிட்டு டி.பி.6612 டிரைவரைப் போட்டால் உள்ளிழப்பு மிகக் குறைவு, பென் பற்றரி நான்கிலேயே மோட்டர் உயிரோடு ஓடும். ஆனால் அதன் முள் வரிசையைச் சோல்டர் பண்ண வேண்டும், வயரை ஸ்குரூவில் இறுக்கும் வசதியும் இல்லை. தொடக்கக்காரருக்கு முதல் வழியே சுகம்.

வயர் தொடுப்பில் பலரை மறிப்பது கிரவுண்ட், அதாவது பற்றரியின் எதிர் முனையோடு சேர வேண்டிய தொடுப்பு. பற்றரி, டிரைவர், ஊனோ, சேர்வோ எல்லாவற்றின் கிரவுண்டும் ஒரே இடத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் ஊனோ அனுப்பும் 5 வோல்ட் எதோடு ஒப்பிட்டு 5 என்று டிரைவருக்குத் தெரியாது. மோட்டர் தன் பாட்டில் துடிக்கும், அல்லது அசையாது. ஒரு சில்லு பின்னோக்கிச் சுற்றினால் அது பிழையல்ல. அந்த மோட்டரின் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டால் சரி.

பூட்டும் வேலையில் கவனிக்க இரண்டு இடம்தான் உண்டு. அக்ரிலிக் தட்டின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் மண்ணிறத் தாளை உரித்துவிட்டுப் பூட்டுங்கள். உரிக்காவிட்டால் தாள் அமுங்கி ஸ்குரூ சில நாளில் தளரும். மோட்டரைப் பிடிக்கும் ‘டி’ வடிவத் துண்டுகள் மெல்லிய அக்ரிலிக். நட்டை விரலால் இறுக்கி, பிறகு ஸ்குரூ டிரைவரால் கால் சுற்று, அவ்வளவுதான். அரைச் சுற்றுக் கூடினால் மூலையிலிருந்து வெள்ளைக் கீறல் ஓடும், அடுத்த மோதலில் உடையும். மோட்டரின் பின்னால் உள்ள செப்புத் தகடுகளும் அப்படித்தான். வயர் இழுபட்டால் தகடு வேரோடு கழன்றுவிடும், பிறகு மோட்டரையே எறிய வேண்டும். சோல்டர் பண்ணியதும் வயரை ஒரு கேபிள் டையால் மோட்டரின் உடலோடு கட்டிவிடுங்கள். அந்தத் தகடுகளுக்குக் குறுக்காக ‘104’ என்று எழுதிய சிறு கொள்ளளவி ஒன்றைச் சோல்டர் பண்ணினால் தூரிகைகளில் எழும் மின்சத்தம் அடங்கும், சென்சர் அளவீடு துள்ளாது. கிட்டில் இது இல்லை. தனியாக வாங்கினாலும் மிக மலிவு.

ஊனோவுக்குள் நிரல் ஏறவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. நகல் ஊனோவில் சி.எச்.340 என்ற சிப் இருக்கும், அதற்குரிய டிரைவர் மென்பொருள் கணினியில் இல்லாமலிருக்கலாம். அல்லது யூ.எஸ்.பி. வயர் சார்ஜுக்கு மட்டும் உரிய வயராக இருக்கலாம்.

கோட்டைப் பின்தொடரும் பகுதி இந்தக் கிட்டில் நன்றாகவே வேலை செய்கிறது, இடத்தைச் சரியாகத் தெரிவு செய்தால். ஐ.ஆர். சென்சர் கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருவதைப் பார்க்கிறது. வெள்ளை திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கும். சென்சரின் முகம் தரையிலிருந்து 3 முதல் 10 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தட்டில் நேராகப் பூட்டினால் அதைவிட மிக உயரத்தில் நிற்கும், ஸ்பேசர் போட்டு இறக்குங்கள். வெயிலில் அகச்சிவப்பு நிறைய உண்டு. எங்கள் பக்கத்துத் திறந்த விறாந்தை வகுப்பறைகளில் காலையில் சரியாக ஓடிய கார் பிற்பகல் வெயில் சாய்ந்து விழும்போது கோட்டை விட்டு ஓடும். சென்சரின் முதுகில் உள்ள நீலத் திருகியை, கார் ஓடப்போகும் அதே இடத்தில் அதே நேரத்தில் சரிபண்ணுங்கள்: கோட்டின் மேல் ஒரு தடவை, வெள்ளையின் மேல் ஒரு தடவை வைத்து, இரண்டிலும் விளக்கு தெளிவாக மாறும்வரை. சென்சரைச் சுற்றிக் கறுப்பு மட்டையால் ஒரு சிறு பாவாடை கட்டினால் இன்னும் நல்லது.

கோடு எதனால் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். கறுப்பு மார்க்கர் பேனையால் போட்ட கோடு நம் கண்ணுக்குக் கன்னங்கரேல் என்றிருக்கும், ஆனால் பல மைகள் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை, சென்சருக்கு அது வெறும் வெள்ளைத் தாள். வயர் சுற்றும் கறுப்பு இன்சுலேஷன் ரேப்பை வெள்ளை பிரிஸ்டல் மட்டையில் ஒட்டுங்கள். ரேப்பின் அகலம் 19 மி.மீ. அளவு. இரண்டு சென்சரும் அதன் இரு புறமும் வெள்ளையைப் பார்க்கும்படி 30 மி.மீ. இடைவெளியில் வையுங்கள். மினுக்கிய சிவப்புச் சீமெந்துத் தரையில் நேராக ஓட விட வேண்டாம், அது கண்ணாடி போல ஒளியை வேறு பக்கம் தள்ளிவிடும்.

இரண்டு சென்சரோடு கார் பாம்பு போல நெளிந்துதான் போகும். அது குறையல்ல. ‘இடது கறுப்பா, இடது திரும்பு, வலது கறுப்பா, வலது திரும்பு’ என்ற ஆம்-இல்லை முடிவில் நேராகப் போக வழியில்லை. தண்ணீர்த் தாங்கி மோட்டரின் அதே தர்க்கம்தான் இதுவும். நெளியாமல் போக வேண்டுமானால் எவ்வளவு விலகினோம் என்று தெரிய வேண்டும், அதற்கு ஐந்து சென்சர் உள்ள பட்டை வேண்டும்.

தூர சென்சருக்கு வருவோம். அது 40 கிலோஹேர்ட்ஸில் எட்டு ஒலித்துடிப்பை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கிறது. வந்த நேரத்தை மைக்ரோசெக்கனில் எடுத்து 58ஆல் வகுத்தால் சென்ரிமீற்றர். அந்த 58, காற்றின் வெப்பநிலை 23 பாகை அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு வந்த எண். திருகோணமலையில் மத்தியானம் 33 பாகையென்றால் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 351 மீற்றர் போகும். சரியாக 1 மீற்றரில் நிற்கும் சுவரைச் சென்சர் 98 சென்ரிமீற்றர் என்று காட்டும். காருக்கு இது பெரிய விடயமல்ல. ஆனால் சென்சர் உண்மையில் அளப்பது நேரத்தை, தூரத்தை நாம்தான் கணக்குப் பண்ணுகிறோம் என்று பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மடங்கித் தொங்கும் திரைச்சீலையையும் கதிரைக் காலையும் சரிந்த பலகையையும் இது தவறவிடும். துணி ஒலியை உறிஞ்சும், சரிந்த பரப்பு வேறு திசைக்குத் திருப்பும்.

கிட்டோடு வரும் நிரலில் இந்தப் பகுதிதான் மிகவும் பலவீனம். எங்கும் ‘டிலே’, அதாவது இவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் காத்திரு என்ற கட்டளை, போட்டிருக்கிறார்கள். அரை விநாடி டிலே என்றால் அந்த அரை விநாடியும் கார் குருடு. விநாடிக்கு 40 செ.மீ. ஓடும் கார் அதற்குள் 20 செ.மீ. போய்விடும். நிறுத்த வேண்டிய தூரம் 15 என்று எழுதியிருந்தால் மோதாமல் என்ன செய்யும்? எதிரொலி வராதபோது, அது வரும் நேரத்தை அளக்கும் ‘பல்ஸ்இன்’ கட்டளையும் தன் இயல்பில் 1 விநாடி வரை காத்திருக்கக்கூடியது, அதற்கு 30,000 மைக்ரோசெக்கன் எல்லை கொடுங்கள். டிலேக்குப் பதிலாக, தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் போனது என்று சொல்லும் ‘மில்லிஸ்’ வைத்து, 60 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். அதைவிட அடிக்கடி அளந்தால் முந்தைய எதிரொலி புதியதோடு கலக்கும்.

இன்னொரு பொறி: சேர்வோவை ஓட்டும் ஆயத்த நிரலான சேர்வோ நூலகத்தை உங்கள் நிரலில் சேர்த்ததும் ஊனோவின் 9ஆம், 10ஆம் முனைகளில் வேகக் கட்டுப்பாடு செத்துவிடும், இரண்டுக்கும் ஒரே டைமர். டிரைவரில் வேகத்தை ஏற்கும் ‘ஈ.என்.ஏ.’, ‘ஈ.என்.பி.’ அந்த முனைகளில் தொடுத்திருந்தால் கார் முழு வேகத்தில் ஓடும் அல்லது ஓடவே ஓடாது. 5க்கும் 6க்கும் மாற்றுங்கள். சேர்வோவுக்கு மின் ஊனோவிலிருந்து எடுக்காமல் டிரைவரின் 5 வோல்ட் முனையிலிருந்து எடுத்து, அங்கே 470 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைப் போட்டால் தலை திரும்பும்போது ஊனோ அணையாது.

இப்போது அந்த 20 துளைத் தட்டு. மோட்டர்கள் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவைதான், ஆனாலும் ஒரே வேகத்தில் ஓடா. நிரலில் இரண்டுக்கும் வேக எண்ணாக 160 (உச்சம் 255) கொடுத்தால் கார் 3 மீற்றருக்குள் ஒரு பக்கம் இழுத்துப் போய்விடும். பலர் இடதுக்கு 160, வலதுக்கு 172 என்று கைவாக்கில் பார்த்துச் சரிக்கட்டுகிறார்கள். பற்றரி இறங்கியதும், அல்லது பற்சில்லுக்குள் மணல் போனதும் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். இதுதான் பின்னூட்டல் இல்லாத மின்விசிறி முறை. கிட்டில் இல்லாத, வாங்கியே ஆக வேண்டிய சாமான் இங்கே வருகிறது: பிளவுள்ள ஒளிச் சென்சர் இரண்டு. தட்டை மோட்டரின் உட்பக்க அச்சில் செருகி, அதன் விளிம்பு சென்சரின் பிளவுக்குள் ஓடும்படி வையுங்கள். சில்லின் சுற்றளவு 204 மி.மீ., துளை 20, ஆகவே ஒரு துளைக்கு 10.2 மி.மீ. இப்போது கார் தான் எவ்வளவு தூரம் போனது என்பதைத் தானே எண்ணும்.

சென்சர்களை ஊனோவின் 2ஆம், 3ஆம் முனைகளில் தொடுங்கள், நடக்கும் வேலையை இடைநிறுத்தி உடனே கவனிக்க வைக்கும் குறுக்கீட்டுச் சைகைக்கென்றே உள்ளவை அவை இரண்டும்தான். ஒவ்வொரு 100 மில்லிசெக்கனுக்கும் இடது பக்கம் எண்ணிய துளைகளின் மொத்தத்திலிருந்து வலது மொத்தத்தைக் கழியுங்கள். அந்த வித்தியாசத்தை 4ஆல் பெருக்கி, இடது வேகத்திலிருந்து கழித்து, வலது வேகத்தோடு கூட்டுங்கள். கார் நேராக ஓடும். பெருக்கும் எண்ணை 1 ஆக்கினால் சோம்பலாகத் திருந்தும், 20 ஆக்கினால் தலையை ஆட்டி ஆட்டி ஓடும். ஒரு சில்லை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள், மற்றச் சில்லும் வேகத்தைக் குறைத்துக் காத்திருக்கும். விகிதாசாரக் கட்டுப்பாடு என்று பாடத்தில் படிப்பதைப் பிள்ளை விரல் நுனியால் தொட்டுப் பார்க்கும் இடம் இது. எண்ணிக்கை ஒன்றுக்கு இரண்டாகத் துள்ளினால் சென்சரின் சைகை முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையில் இன்னொரு 104 கொள்ளளவி போடுங்கள். வேகம் 80, 90க்குக் கீழே போனால் பல மோட்டர்கள் கிளம்பாமல் முனகும். உங்கள் மோட்டர் எந்த எண்ணில் கிளம்புகிறது என்று முதலில் அளந்து வையுங்கள்.

புளூடூத் மொடியூல் சேர்ந்த கிட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். தொலைபேசியால் ஓட்டும் கார் விளையாட்டுக்கு நல்லது, ஆனால் அங்கே உணர்வதும் முடிவெடுப்பதும் பிள்ளையின் கண்ணும் மூளையும். அதே பணத்துக்கு மேலே சொன்ன ஒளிச் சென்சர் இரண்டும், சாதாரண மல்டிமீற்றர் ஒன்றும் வாங்குங்கள். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையென்றால் இந்தக் கிட்டே வேண்டாம், பிள்ளைகளுக்கென்று செய்த மைக்ரோபிட் என்னும் சிறு கணினிப் பலகை பொருத்தம். வாங்க முன் முயன்று பார்க்க விரும்பினால் டிங்கர்காட் என்ற இணையத்தளத்தில் ஊனோவும் தூர சென்சரும் சேர்வோவும் இலவசமாகவே திரையில் இருக்கின்றன. நிரலை அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைச் செலவழிக்கலாம்.

கடற்கரை ஓரம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டச்சுக் குடாவிலிருந்து உப்புவெளி, நிலாவெளி வரை உப்புக் காற்று ஜம்பர் வயரின் முனைகளைச் சில மாதத்தில் பச்சை பிடிக்க வைக்கும். நேற்று ஓடிய கார் இன்று காரணமில்லாமல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த முனைகளைத்தான். கழற்றி, அழிறப்பரால் தேய்த்து, மறுபடி செருகுங்கள். வேலை முடிந்ததும் பற்றரியைக் கழற்றித் தனியாக எடுத்துவிட்டு, காரை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பை இரண்டோடு வையுங்கள். சிறு சில்லின் உருளைக்குள் மணலும் தலைமுடியும் சுற்றியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.